மூடிய காலம், திறந்த காலம்

மது அண்டாத வீடு என்று பெயர் பெற்ற மயிலாப்பூர் வீடுகளிலும் ஒரு மது உண்டு. அது மருந்து அலமாரியில் பழுப்பு நிறப் புட்டியில் நிற்கிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தசமூலாரிஷ்டமும் ஜீரகாரிஷ்டமும், மாதவிலக்குத் தொல்லைக்கு அசோகாரிஷ்டம், இருமலுக்கும் இளைப்புக்கும் திராட்சாரிஷ்டம், பசியெடுக்காத குழந்தைக்கு அரவிந்தாசவம். சாப்பாட்டுக்குப் பிறகு, சம அளவு தண்ணீர் கலந்து, அளவு மூடியில் ஊற்றிக் குடிப்பது. இவற்றில் பெரும்பாலானவற்றில் 5 முதல் 10 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கிறது. பீரின் அளவைத் தொட்டு, ஒயினின் அளவை நெருங்கும் வீரியம் இது. இந்த ஆல்கஹாலை யாரும் வெளியிலிருந்து ஊற்றுவதில்லை. சாடிக்குள் வெல்லமும் தேனும் நொதித்துத் தானே விளைந்தது அது.

அந்தப் புட்டியின் காலாவதித் தேதியைக் கவனித்திருப்பவர்கள் குறைவு. தயாரித்த நாளிலிருந்து பத்து ஆண்டு வரை அதற்கு ஆயுள் தரலாம் என்பது மருந்து மற்றும் ஒப்பனைப் பொருள் விதிகளின் 161பி பிரிவு. அதே விதி சூரணத்துக்கு இரண்டு ஆண்டும், லேகியத்துக்கு மூன்று ஆண்டும்தான் தருகிறது. இந்தத் தரவரிசை புதிதாகப் பிறந்ததும் இல்லை. ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய சார்ங்கதர சம்ஹிதை சூரணம் இரண்டு மாதத்தில் வீரியம் குன்றும் என்றும், குளிகையும் லேகியமும் ஓராண்டில் தளரும் என்றும் கணக்குச் சொல்லிவிட்டு, ஆசவங்கள் முதலியவை பழகப் பழகக் குணம் கூடும் என்று தனியே பிரித்து வைக்கிறது. அரசு விதியும் பழைய நூலும் மாதக்கணக்கில் வேறுபடுகின்றன. எது முதலில் கெடும், எது கடைசிவரை நிற்கும் என்ற வரிசையில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

ஆனால் அந்தப் பத்து ஆண்டும் மூடிய புட்டிக்கு உரியது. மூடியைத் திருகும் கணத்தில் வேறொரு காலம் தொடங்குகிறது. அந்தக் காலத்தின் நீளத்தை ஒட்டுத்தாள் சொல்வதில்லை, விதியும் கேட்பதில்லை. நாம் சேமித்துக் குடிக்கும் எல்லாப் பானங்களுக்கும் இப்படி இரண்டு வயது உண்டு. முதல் வயதைத் தயாரிப்பவர் தருகிறார். இரண்டாவது வயது வைத்திருப்பவரின் பொறுப்பு. வெயிலிலும் ஈரக்காற்றிலும் வாழும் சென்னைக்காரர்களுக்கு இந்த இரண்டாவது வயதைப் பற்றிய அறிவு வேறு எவரையும்விட அதிகம் தேவை என்று நினைக்கிறேன்.

*

மயிலாப்பூருக்கும் அரிஷ்டத்துக்கும் உள்ள உறவு நிறுவனங்களாலும் ஆனது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் 1905இல் இங்கே தொடங்கிய வேங்கடரமணா ஆயுர்வேத மருத்துவசாலை, மருந்தையும் மருத்துவக் கல்வியையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. அடையாற்றைத் தாண்டித் தெற்கே போனால் திருவான்மியூரில் இம்ப்காப்ஸ் இருக்கிறது. 1944இல் நாட்டு மருத்துவர்கள் கூடித் தொடங்கிய கூட்டுறவு நிறுவனம் அது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றுக்கும் மருந்து செய்கிறது. கச்சேரி சாலை டப்பா செட்டி கடையில் தீபாவளி லேகியத்துக்கும் பிரசவ மருந்துக்கும் நிற்கும் கூட்டம் ஊரறிந்தது. மருந்தை வாங்கும் வழி இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். வைத்துக் காக்கும் வழியைத்தான் நாம் அத்தனை அக்கறையோடு கைமாற்றவில்லை.

அரிஷ்டம் செய்யும் முறையே காலத்தைப் பற்றிய ஒரு பாடம். மூலிகைகளை இடித்துக் கஷாயமாக வற்றவைக்கிறார்கள். ஆறிய கஷாயத்தில் வெல்லமோ தேனோ இரண்டுமோ கரைத்து, தாதகிப்பூ என்னும் காட்டாத்திப்பூவைச் சேர்க்கிறார்கள். அந்தப் பூவோடு வரும் ஈஸ்ட் நொதித்தலைத் தொடங்கிவைக்கிறது, பூவின் துவர்ப்பு பிறகு காவலாக நிற்கிறது. கஷாயமிடாமல் பச்சையாகவே ஊறவைத்தால் அதற்கு ஆசவம் என்று பெயர். பழைய முறையில் நெய் தடவிய மண்சாடியில் ஊற்றி, வாயைச் சீலைமண் பூசி அடைத்து, நெற்குவியலுக்குள்ளோ தரைக்கடியிலோ புதைத்துவிடுவார்கள். வெளியே பகலும் இரவும் மாறி மாறி வந்தாலும் நெல்லுக்குள் வெப்பம் ஒரே நிலையில் நிற்கும். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத் திறந்து, எரியும் குச்சியைச் சாடியின் வாயருகே காட்டுவார்கள். சுடர் அணைந்தால் உள்ளே கரியமில வாயு இன்னும் எழுகிறது, நொதித்தல் முடியவில்லை. சுடர் நின்று எரிந்தால் வேலை முடிந்தது, வடிகட்டலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கெட்டுப்போவதற்கும் முதிர்வதற்கும் தொடக்கத்தில் வேறுபாடில்லை. இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சர்க்கரையைத் தின்கின்றன. எந்த உயிருக்கு இடம் கொடுக்கிறோம், எப்போது அதை நிறுத்துகிறோம், எந்தக் கதவை அடைக்கிறோம் என்பதில்தான் மருந்தும் காடியும் பிரிகின்றன. காற்று புகாத சாடியில் ஈஸ்ட் ஆல்கஹாலைத் தருகிறது. காற்று புகுந்தால் அசிட்டிக் பாக்டீரியா அந்த ஆல்கஹாலையே புளிக்காடியாக மாற்றுகிறது. அந்த நிலைக்கு வந்த சாடியைப் பழைய வைத்தியர்கள் சுக்தம் என்று ஒதுக்கினார்கள். கெடுதலைக் கொஞ்சம் உள்ளே விட்டு, அதைக் கொண்டே பெரிய கெடுதலைத் தடுப்பது அரிஷ்டத்தின் வழி.

*

இதே வழியை வேறொரு திசையிலிருந்து கண்டடைந்த மது ஒன்று, பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னைக் கடற்கரையில் பீப்பாய் பீப்பாயாக இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பெயர் மதீரா. போர்த்துக்கலுக்குச் சொந்தமான ஓர் அட்லாண்டிக் தீவின் பெயரே அந்த மதுவுக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் இந்தியா வரும் வழியில் அங்கே நின்று ஒயின் ஏற்றிக்கொள்ளும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த அந்தப் பாதை பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்தது, அட்லாண்டிக்கில் ஒருமுறை, இந்தியப் பெருங்கடலில் மறுமுறை. கப்பலின் அடித்தளத்தில் மாதக்கணக்காகப் பீப்பாய்கள் வெந்து, ஆடி, குலுங்கி வந்தன. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டி மணலில் இறக்கினார்கள். கோட்டைக்காரர்களின் மேசைக்கு வந்து சேர்ந்தபோது அந்த ஒயின் கெட்டிருக்கவில்லை, புறப்பட்டதைவிட மேலாக ஆகியிருந்தது.

இதை வணிகர்கள் கவனித்தார்கள். பீப்பாய்களை வெப்பநாடுகளுக்கு அனுப்பித் திரும்ப வரவழைத்து, சுற்றிவந்த ஒயின் என்று கூடுதல் விலைக்கு விற்றார்கள். பின்னர் கப்பலையே தவிர்த்துத் தீவிலேயே வெப்பத்தை உண்டாக்கினார்கள். இன்று அங்கே சாதாரண மதீராவைத் தொட்டிகளில் 45 முதல் 50 பாகை வெப்பத்தில் குறைந்தது மூன்று மாதம் வைக்கிறார்கள். உயர்ந்த வகைகள் மரப்பீப்பாய்களில் கூரைக்கடியில் ஆண்டுக்கணக்காக வெயிலின் வெப்பத்தில் கிடக்கின்றன. நொதித்தலின் நடுவிலோ முடிவிலோ திராட்சைச் சாராயம் சேர்த்து வீரியத்தை 18, 19 சதவீதத்துக்கு உயர்த்துவதால் ஈஸ்ட் ஓய்ந்துவிடுகிறது, காடியாக்கும் பாக்டீரியாவுக்கும் இடமில்லாமல் போகிறது. திராட்சையின் இயற்கைப் புளிப்பும் துணை நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த மதீராக்களில் சில இன்றும் குடிக்கத் தகுந்த நிலையில் இருக்கின்றன. அதைவிட முக்கியம், திறந்த மதீராப் புட்டி மாதக்கணக்கில் நிற்கிறது. வெப்பத்தையும் காற்றையும் ஏற்கெனவே சந்தித்துவிட்ட பானத்துக்கு நம் சமையலறை செய்யக்கூடிய கெடுதல் அதிகம் மிச்சமில்லை.

சாராயம் சேர்த்த ஒயின்கள் எல்லாவற்றுக்கும் இந்த உறுதி கிடையாது. ஸ்பெயினின் ஷெர்ரியில் பீனோ என்ற வகை பீப்பாயில் ஈஸ்ட் ஆடையின் கீழே காற்றுப் படாமல் வளர்கிறது. 15 சதவீத வீரியம் இருந்தும் திறந்த சில நாள்களில் அதன் உயிர் போய்விடும். ஒலொரோசோ என்ற வகை அதே ஊரில், அதே திராட்சையில், காற்றுப் பட வளர்கிறது. அது திறந்த பின் வாரங்கள் தாங்குகிறது. போர்ட்டிலும் இதே கதை. புட்டிக்குள் பல்லாண்டு முதிர்ந்த விண்டேஜ் போர்ட்டைத் திறந்தால் இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும். மரப்பீப்பாயில் காற்றோடு பழகிய டானி போர்ட் பல வாரம் இருக்கும். மூலிகை சேர்த்த வெர்மூத்தைக் குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. ஆக, திறந்த பின்னான ஆயுள் ஆல்கஹால் அளவில் மட்டும் இல்லை. பானம் வளர்ந்த விதத்தில் இருக்கிறது. மூடி வளர்த்தது காற்றுக்கு அஞ்சும். காற்றோடு வளர்த்தது அஞ்சாது.

*

தமிழ் நிலத்தில் இந்த அறிவு பழையது. பாரியின் நாட்டைப் பாடும் கபிலரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்றில், நிலத்தில் புதைத்து முதிரவைத்த மது வருகிறது. மூங்கில் குழாய்க்குள் நெடுநாள் விளைந்த தேறலைப் பத்துப்பாட்டு அறியும். மண்ணின் ஆழமும் மூங்கிலின் உட்குழியும்தான் அன்றைய நிலவறைகள். நன்மாறன் என்ற பாண்டியனைப் பாடும் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணக்கும் மதுவைக் குறிப்பிடுகிறார். அந்தக் கலங்கள் எப்படி இருந்தன என்பதை மண் காட்டிவிட்டது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும் அதற்குப் பிந்தைய ஆய்வுகளிலும் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அவற்றில் கிரேக்கத் தீவான கோஸின் வகைச் சாடிகளும் உண்டு. கோஸ் ஒயினில் கடல்நீர் சேர்ப்பது வழக்கம். ரோமானிய எழுத்தாளர் காட்டோ அதற்குச் செய்முறையே எழுதிவைத்திருக்கிறார். உப்பு அங்கே காவல். பல வாரக் கடற்பயணத்தைத் தாங்கும்படி அந்த மதுவைக் கடலே பழக்கிவைத்திருந்தது.

மண், மூங்கில், உப்பு, வெல்லம், சாராயம், வெப்பம் என்று ஒவ்வொரு காலமும் தன் கையில் கிடைத்ததை வைத்துக் காலத்தோடு உடன்பாடு செய்துகொண்டது. இந்த உடன்பாடுகளில் எதையும் இலவசமாகப் பெற முடியவில்லை. உப்பிட்டால் சுவை மாறும். வெப்பம் காட்டினால் புதுப்பழத்தின் மணம் போகும். நீண்டு நிற்கும் எதுவும் ஏதோ ஒன்றை இழந்தே நிற்கிறது.

*

சென்னையின் வீடுகளுக்கு நிலவறை கிடையாது. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் படிந்த மணலும் களிமண்ணும், மழைக்காலத்தில் தரையருகே எழும் நிலத்தடி நீரும் அதை அனுமதிக்கவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது கோட்டூர்புரத்திலும் அடையாற்றிலும் தரைத்தளங்களே நீருக்குள் போயின. ஆகவே இந்த ஊரில் சேமிப்பு எப்போதும் தரைக்கு மேலே, வெப்பத்துக்குள்ளேதான் நடக்கிறது. ஒயினுக்கு உகந்த நிலவறை வெப்பம் 12, 13 பாகை என்பார்கள். சென்னையின் ஆண்டுச் சராசரி 28 பாகையைத் தாண்டுகிறது. வெப்பம் 10 பாகை ஏறினால் வேதிவினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது வேதியியலின் பொதுக்கணக்கு. அந்தக் கணக்கில், ஐரோப்பிய நிலவறையில் மூன்று ஆண்டில் நடக்கும் மாற்றம் தி. நகர் அடுக்ககத்தின் அலமாரியில் ஓராண்டில் நடந்துவிடும். மொட்டைமாடிக்கு நேர்கீழே இருக்கும் பரணில் அதைவிட விரைவாக நடக்கும்.

குளிரைக் கொண்டுவரவும் இந்த நகரம் முயன்றது. 1842இல் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் குளங்களில் பனிக்காலத்தில் அறுத்த கட்டிகளை வைக்கக் கட்டியது. ஃபிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர் மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பினார். கிளாரெட்டும் பீரும் குளிர்ந்து மேசைக்கு வந்தன. ஐஸ் தயாரிக்கும் நீராவி இயந்திரங்கள் வந்ததும் அந்த வணிகம் முடிந்தது. அந்தக் கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம். மதீராவும் ஐஸும் ஒரே கடற்கரையில், ஒரே மணலில் வந்து இறங்கிய சரக்குகள். வெப்பத்தில் ஒன்று கரைந்து குறைந்துகொண்டே வந்தது, மற்றொன்று வெப்பத்தாலேயே முழுமை பெற்றது. எல்லாவற்றையும் குளிரவைத்துக் காக்க முடியாது என்பதை இந்த ஊர் அந்த இரண்டு சரக்குகளிலிருந்து கற்றிருக்கலாம்.

கெடாமல் காப்பதைக் கடமையாகவே வைத்திருக்கும் ஓர் இடமும் மயிலாப்பூரில் உண்டு. சாந்தோமில் போர்த்துக்கீசியர் குடியேறியது பதினாறாம் நூற்றாண்டில். இன்று நாம் பார்க்கும் பேராலயம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது. கத்தோலிக்கத் திருப்பலியில் பயன்படும் திராட்சை இரசம் இயற்கையானதாக, திராட்சையிலிருந்து வந்ததாக, கெடாததாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதி. இரசம் காடியாக மாறியிருந்தால் திருப்பலியே செல்லாது. சாராயம் சேர்ப்பதைப் பற்றியும் ரோம் யோசித்திருக்கிறது. இனிப்பு ஒயின்கள் கெடாதிருக்கத் திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தை அளவோடு சேர்க்கலாம், மொத்த வீரியம் 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1896இல் ஒரு முடிவு வந்தது. 2004இல் வந்த அறிவுறுத்தல், இரசம் நல்ல நிலையில் காக்கப்பட்டுப் புளிக்காமல் இருக்கிறதா என்று கவனமாகப் பார்க்கச் சொல்கிறது. ஐயம் இருந்தால் பயன்படுத்தக் கூடாது. கேரளத்தின் சிரியன் கிறித்தவர்கள் வேறொரு தீர்வை வைத்திருந்தார்கள். ஒயினைச் சேமிக்காமல் உலர்திராட்சையைச் சேமித்து, தேவைப்படும்போது ஊறவைத்து இரசம் எடுத்தார்கள். வெப்பநாட்டின் அறிவு அது.

திறந்த காலத்தை இத்தனை அக்கறையோடு சட்டமாக்கிய வேறொரு மரபை நான் அறியேன். அங்கே தயாரித்தவரின் தேதி போதாது. கையில் எடுப்பவர் ஒவ்வொரு முறையும் முகர்ந்து, பார்த்து, பொறுப்பேற்க வேண்டும். நம் மருந்துப் புட்டிக்கும் அதே கவனம் தகும்.

*

இந்த ஊரின் பெரும்பாலான பானங்கள் நாளை வரை வாழ்வதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. பங்குனியில் அறுபத்துமூவர் விழாவன்று மாடவீதிகளில் வழிநெடுக ஊற்றும் நீர்மோரும் பானகமும் அன்று மாலைக்குள் தீர்ந்துவிட வேண்டியவை. தீர்ந்துபோவதே அவற்றின் அறம். சேர்த்துவைக்க முடியாததைப் பகிர்ந்துதான் ஆக வேண்டும். காளத்தி கடையின் ரோஸ்மில்க்கில் பாலின் ஆயுள் சில மணி நேரம், சர்க்கரை நிறைந்த பாகின் ஆயுள் பல மாதம். நன்னாரி சர்பத்தும் அப்படித்தான். நுண்ணுயிர் வாழ நீர் வேண்டும். செறிந்த பாகு அந்த நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது.

பதநீர் இன்னும் கூர்மையான பாடம். பனையிலிருந்து சொட்டும் சாற்றில் பத்து சதவீதத்துக்கும் மேல் சர்க்கரை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் காரத்தன்மை ஈஸ்ட்டைத் தடுத்து, விடியலில் இனிக்கும் பதநீர் கிடைக்கும். சுண்ணாம்பு இல்லையென்றால் அதே சாறு அதே கலயத்தில் கள்ளாகிறது. மறுநாள் அதுவே புளித்துக் காடியை நோக்கி நடக்கிறது. தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை. ஒரு விரல் சுண்ணாம்பே சட்டத்துக்கு உட்பட்ட பானத்தையும் உட்படாத பானத்தையும் பிரிக்கிறது. 2017இல் தென்னையின் புளிக்காத சாறான நீராவுக்கு அரசு வழிவிட்டபோது சுண்ணாம்பின் இடத்தைக் குளிர் எடுத்துக்கொண்டது. பாளையிலிருந்து வாய்வரை குளிர்ச்சி அறுபடாமல் வர வேண்டும். அறுபட்டால் அது நீராவாக இருக்காது.

மறுபுறம், நாளைக்கென்று வைத்துவைத்து நாம் வீணாக்கும் பானங்கள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் விமான நிலையத்தில் வாங்கிக்கொடுத்த ஒயின் புட்டி, அடையாறு வீடுகளின் கண்ணாடி அலமாரியில் நல்ல நாளுக்காக நின்றபடியே ஆண்டுகளைக் கழிக்கிறது. நின்றால் கார்க் காய்ந்து சுருங்கும், காற்று உள்ளே போகும். ஒயினைப் படுக்கவைக்க வேண்டும். விஸ்கியையும் பிராந்தியையும் நிற்கவைக்க வேண்டும், அவற்றின் ஆல்கஹால் கார்க்கை அரிக்கும். நம் நாட்டு மதுவகைகளில் வழக்கமான 42.8 சதவீத வீரியத்தில் நுண்ணுயிர் வளராது. மூடிய பிராந்தி கெடுவதில்லை. அது மேம்படுவதும் இல்லை. வடித்த சாராயத்துக்கு வயது மரப்பீப்பாயில் மட்டும் ஏறுகிறது, கண்ணாடிக்குள் நின்றுவிடுகிறது. பீர் மாதங்களுக்காகச் செய்தது. வெளிச்சம் பட்டால் அதிலுள்ள ஹாப்ஸ் பூவின் பொருள்கள் சிதைந்து துர்நாற்றம் தரும். அரிஷ்டத்துக்கும் பீருக்கும் பழுப்புப் புட்டி தேர்ந்ததற்கு வெளிச்சமே காரணம். நல்ல நாளுக்காகக் காத்திருக்கும் சாதாரண ஒயின் அந்த நாள் வருவதற்குள் இறந்துவிடும். வாங்கிய ஆண்டிலேயே நண்பர்களோடு திறந்துவிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

*

மீண்டும் அரிஷ்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் அதிகம் புழங்குவதும், நோயாளியின் உடலுக்குள் போவதும் அதுதான். அதன் 5 முதல் 10 சதவீத ஆல்கஹால், மூடிய புட்டிக்குள் போதுமான காவல். திறந்து பாதி காலியான புட்டியில் அது போதாது. காடியாக்கும் பாக்டீரியா அந்த வீரியத்தில் நன்றாகவே வாழும். மிச்சமிருக்கும் சர்க்கரை மறுபடியும் நொதிக்கலாம். மூடியைத் திறக்கும்போது வாயு சீறினால், காடியின் நெடி மூக்கில் ஏறினால், ஆடை படிந்தால், அந்தப் புட்டி தன் இரண்டாவது வயதைக் கடந்துவிட்டது. காலாவதித் தேதிக்கு இன்னும் ஏழு ஆண்டு இருந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். பழகினால் நல்லது என்ற பழைய வாக்கை இங்கே தவறாகப் பொருத்தக் கூடாது. சார்ங்கதரர் சொன்ன முதுமை சாடிக்குள் அடைபட்டிருந்த முதுமை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எத்தனை பழையதானாலும் அரிஷ்டத்தில் ஆல்கஹால் ஆல்கஹாலாகவே இருக்கிறது. கல்லீரல் நோய் உள்ளவர்களும், கருவுற்றவர்களும், சில மாத்திரைகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. குழந்தைக்குத் தரும் ஆசவத்துக்கும் இது பொருந்தும்.

பெரிய புட்டி மலிவு என்று வாங்காமல், சில வாரத்தில் தீரும் அளவுக்குச் சிறிய புட்டி வாங்குங்கள். அடுப்பு மேடையும் ஜன்னல் திட்டும் பரணும் அதன் இடம் இல்லை. வீட்டின் உள்ளறையில், தாழ்ந்த தட்டில், இருட்டில் வையுங்கள். எச்சில் கரண்டியை உள்ளே விடாமல் ஊற்றி அளந்து குடியுங்கள். விளிம்பைத் துடைத்து மூடியை இறுக மூடுங்கள். திறந்த அன்று, அந்தத் தேதியைப் பேனாவால் புட்டியின் மேலேயே எழுதுங்கள்.

நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. கண்சொட்டு மருந்துப் புட்டியின் மீது, திறந்த ஒரு மாதத்துக்குள் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும் என்று அச்சிட வேண்டும் என விதி சொல்கிறது. கண்ணுக்குத் தரும் அந்தக் கவனத்தை வாய்வழி அருந்தும் அரிஷ்டத்துக்கும் ஆசவத்துக்கும் தருவதில் தடையேதும் இல்லை. தயாரிப்பாளர்கள் தங்கள் மருந்தை நம் ஊர் வெப்பத்தில் திறந்து வைத்துச் சோதிக்கட்டும். எத்தனை வாரம் நிற்கிறது என்று கண்டு, அதைத் தமிழில், கண்ணில் படும் எழுத்தில், மூடிய ஆயுளுக்குப் பக்கத்திலேயே அச்சிடட்டும். ஆயுஷ் அமைச்சகமும் மாநில மருந்து உரிம அலுவலகமும் அதை விதியாக்க வேண்டும்.